பிறந்த குழந்தைக்கு மார்க் போட்ட பெண்மணி
டாக்டர் வர்ஜீனியா அப்கார் வாழ்க்கை வரலாறு

குழந்தை பிறந்தது என்ற சேதி வந்ததும் வீட்டில் உள்ளவர்கள் என்ன கேட்பார்கள்? ஆணா, பெண்ணா என்று கேட்பார்கள். அடுத்தபடியாக, தாயும் சேயும் நலமா என்று கேட்பார்கள்.

சேய் நலமா என்பதை டாக்டர் எப்படிக் கண்டுபிடிக்கிறார்?

அழுதால் நலம், அழாவிட்டால் ஆபத்து. 1950-ம் ஆண்டு வாக்கில், பெரிய ஆஸ்பத்திரிகளில்கூட ஏறக்குறைய இதுதான் கணக்கு. பிரசவ அறையில் எல்லோருடைய கண்ணும் தாயின் மீது இருக்கும். குழந்தை நீலம் பாய்ந்து, துவண்டு பிறந்தால், அது பிழைக்காது என்று ஒதுக்கி வைப்பதும் உண்டு. அப்படி ஒதுக்கப்பட்ட குழந்தைகளில் பிழைக்கக் கூடியவை எத்தனையோ இருந்தன.

இந்த வழக்கத்தை மாற்றியவர் ஒரு பெண்மணி. அவருக்குப் பிள்ளை இல்லை. அவர் மணம் செய்துகொள்ளவே இல்லை. ஆனால் உலகத்தில் ஆஸ்பத்திரியில் பிறக்கும் குழந்தைகள் அவருடைய பெயரில்தான் முதல் மார்க் வாங்குகின்றன.

அவர் பெயர் டாக்டர் வர்ஜீனியா அப்கார்.

இசையும் நோயும் இருந்த வீடு

அமெரிக்காவில் நியூ ஜெர்ஸி மாநிலத்தில் வெஸ்ட்பீல்டு என்று ஓர் ஊர். அங்கே 1909-ம் ஆண்டு ஜூன் 7-ந் தேதி வர்ஜீனியா பிறந்தார்.

தந்தை சார்லஸ் அப்கார், இன்ஷூரன்ஸ் கம்பெனி அதிகாரி. வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் அவர் வேறு மனிதர். வானத்து நட்சத்திரங்களை ஆராய்வார். வானொலிக் கருவிகளைத் தாமே செய்வார். முதல் உலகப் போர் சமயம், அமெரிக்காவில் ஜெர்மானியர் நடத்திய ஒரு வானொலி நிலையம் அனுப்பிய செய்திகளை அவர் பதிவு செய்து சர்க்காரிடம் கொடுத்தார். 1915-ல் அந்த ரகசியம் வெளிப்பட்டது.

குடும்பம் முழுவதும் இசைப் பைத்தியம். வர்ஜீனியா சிறு வயதிலேயே வயலின் கற்றார். பிறகு செல்லோ வாத்தியமும் வாசித்தார்.

ஆனால் அந்த வீட்டில் துயரமும் இருந்தது. மூத்த அண்ணன் சிறு வயதில் காசநோய்க்குப் பலியானார். இன்னொரு அண்ணன் தீராத தோல் நோயால் அவதிப்பட்டார். டாக்டர்கள் அடிக்கடி வந்து போகும் வீடு அது. பள்ளிப் படிப்பு முடியும்போதே, தாம் டாக்டராக வேண்டும் என்று வர்ஜீனியா முடிவு செய்துவிட்டார்.

மவுண்ட் ஹோலியோக் பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படித்தார். பணம் போதவில்லை. அதனால் படித்துக்கொண்டே வேலை பார்த்தார். கல்லூரி ஆராய்ச்சிக்குத் தேவையான தெருப் பூனைகளைப் பிடித்துக் கொடுப்பதும் அவர் செய்த வேலைகளில் ஒன்று!

கதவு மூடியது, இன்னொன்று திறந்தது

1929-ல் நியூயார்க் நகரில் கொலம்பியா சர்வகலாசாலையின் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களில் அமெரிக்காவின் பங்கு மார்க்கெட் சரிந்தது. நாடே வறுமையில் மூழ்கியது. கடன் வாங்கிப் படித்தார். 1933-ல் டாக்டர் பட்டம் பெற்றபோது, வகுப்பில் நாலாவது இடம். தலையில் கடன் பாரம்.

ரணசிகிச்சை டாக்டராக வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கான பயிற்சியில் சேர்ந்து, நன்றாகவே செய்தார். ஆனால் அவருடைய தலைவர் டாக்டர் ஆலன் விப்பிள் அந்த ஆசைக்கு அணை போட்டார். தாம் பயிற்சி அளித்த பெண் ரணசிகிச்சை டாக்டர்கள் பிழைக்க வழி இல்லாமல் திண்டாடியதை அவர் பார்த்திருந்தார். பெண்ணிடம் கத்தியைக் கொடுத்துப் படுக்க நோயாளிகள் தயாராக இல்லாத காலம் அது.

மயக்க மருந்து கொடுக்கும் துறைக்குப் போகும்படி விப்பிள் யோசனை சொன்னார். அப்போது அது ஒரு தனித் துறையாகவே வளரவில்லை. பெரும்பாலும் நர்சுகளே அந்த வேலையைச் செய்தார்கள். மயக்க மருந்து சரியில்லாவிட்டால் ரணசிகிச்சையும் முன்னேறாது என்பது விப்பிளின் எண்ணம்.

வர்ஜீனியா அந்த யோசனையை ஏற்றார். முதலில் தம் ஆஸ்பத்திரியின் நர்சுகளிடமே பாடம் கற்றார். பிறகு விஸ்கான்சினில் ரால்ப் வாட்டர்ஸ் என்ற நிபுணரிடம் பயிற்சி பெற்றார். அடுத்து நியூயார்க் பெல்வியூ ஆஸ்பத்திரியில் பயின்றார். பெண் டாக்டர்கள் தங்குவதற்கு ஒழுங்கான அறைகூட இல்லாத நாட்கள். அதை எல்லாம் அவர் பொருட்படுத்தவில்லை.

1938-ல் கொலம்பியாவுக்குத் திரும்பி, மயக்க மருந்துப் பிரிவின் தலைவர் ஆனார். பெயர்தான் தலைவர்! ஆரம்பத்தில் அவருக்குத் துணைக்கு ஆள் இல்லை. ரணசிகிச்சை டாக்டர்கள் அவரைச் சமமாக மதிக்கவும் இல்லை. இரண்டாம் உலகப் போர் வந்ததும், ஆண் டாக்டர்கள் பட்டாளத்துக்குப் போய்விட்டார்கள். வேலைப் பளு இன்னும் கூடியது.

11 ஆண்டுகள் பாடுபட்டு அந்தப் பிரிவை வளர்த்தார். 1949-ல் அது தனித் துறையாக உயர்ந்தது. ஆனால் தலைமைப் பதவி ஓர் ஆணுக்குப் போயிற்று. வர்ஜீனியாவுக்குப் பேராசிரியர் பதவி கிடைத்தது. அந்த மருத்துவக் கல்லூரியில் முழுப் பேராசிரியரான முதல் பெண் அவர்தான்.

தலைமை போனதில் ஒரு நன்மை விளைந்தது. நிர்வாகத் தொல்லை நீங்கியது. அவர் பிரசவ அறைக்குள் நுழைந்தார்.

சாப்பாட்டு மேஜையில் பிறந்த கணக்கு

1949-ல் ஒரு நாள் காலை. ஆஸ்பத்திரி சிற்றுண்டி விடுதியில் அப்கார் அம்மையார் உட்கார்ந்திருந்தார். ஒரு மாணவர், பிறந்த குழந்தையின் நிலையை எப்படி மதிப்பிடுவது என்று கேட்டார். அம்மையார் கைக்குக் கிடைத்த துண்டுக் காகிதத்தை எடுத்து, ஐந்து அடையாளங்களைக் குறித்தார். உடனே எழுந்து, அதைச் சோதித்துப் பார்க்கப் பிரசவ அறைக்கு விரைந்தார்.

அந்த ஐந்து அடையாளங்கள் என்ன?

ஒன்று, இதயத் துடிப்பு. நிமிஷத்துக்கு 100-க்கு மேல் துடித்தால் 2 மார்க். அதற்குக் குறைந்தால் 1. துடிப்பே இல்லை என்றால் 0.

இரண்டு, மூச்சு. வீரிட்டு அழுதால் 2. மூச்சு விட்டுவிட்டு வந்தால் 1. மூச்சு இல்லாவிட்டால் 0.

மூன்று, தசையின் முறுக்கு. கை காலை நன்றாக உதைத்தால் 2. லேசாக மடக்கினால் 1. துணிபோலத் துவண்டு கிடந்தால் 0.

நான்கு, உணர்ச்சி. மூக்கில் மெல்லிய குழாயை நுழைத்தால் தும்ம வேண்டும். அல்லது இரும வேண்டும். அப்படிச் செய்தால் 2. முகத்தை மட்டும் சுளித்தால் 1. சும்மா இருந்தால் 0.

ஐந்து, நிறம். உடல் முழுவதும் ரத்த ஓட்டம் தெரிந்தால் 2. உடல் சிவந்து, கையும் காலும் நீலமாக இருந்தால் 1. முழுவதும் நீலமாகவோ வெளிறியோ இருந்தால் 0. கருநிறக் குழந்தைகளுக்கு உதட்டையும் நாக்கையும் பார்த்தால் தெரியும்.

மொத்தம் 10 மார்க்.

இந்த மார்க்கைக் குழந்தை பிறந்து சரியாக ஒரு நிமிஷத்தில் போட வேண்டும். கருவி வேண்டாம். செலவு இல்லை. கண்ணும் காதும் கையும் போதும். பிரசவம் பார்த்த டாக்டரே மார்க் போடக் கூடாது என்று அம்மையார் கருதினார். தாம் எடுத்த குழந்தைக்கு யாரும் தாராளமாகத்தான் மார்க் போடுவார்கள் என்பது அவருக்குத் தெரியும்!

1952-ல் டாக்டர்கள் கூட்டத்தில் இந்த முறையை விளக்கினார். 1953-ல் கட்டுரையாக வெளியிட்டார். அதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு மார்க் போட்டுப் பார்த்திருந்தார். மாதம் நிறைந்து பிறந்தவற்றில், 2-ம் அதற்குக் கீழும் வாங்கிய குழந்தைகளில் 100-க்கு 14 இறந்தன. 8-ம் அதற்கு மேலும் வாங்கியவற்றில் இறந்தது ஆயிரத்துக்கு ஒன்று வீதம்தான்.

இந்த வித்தியாசத்தைக் கண்டதும், டாக்டர்களுக்கு வேறொன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. மார்க் குறைந்த குழந்தையை இனி ஒதுக்கி வைக்க முடியாது. மார்க் போட வேண்டும் என்றால் குழந்தையைப் பார்க்க வேண்டும். பார்த்தால், காப்பாற்ற முயல வேண்டும்! மூச்சுக் குழாயும் பிராணவாயுவும் பிரசவ அறையில் தயாராக இருக்க வேண்டிய நிலை வந்தது.

தமக்குப் பிடித்த மருந்தைத் தாமே விட்டார்

டங்கன் ஹாலடே, ஸ்டான்லி ஜேம்ஸ் என்ற இரு டாக்டர்கள் அவருடன் சேர்ந்தார்கள். பிறந்த குழந்தையின் ரத்தத்தைச் சோதித்தார்கள். மார்க் குறைந்த குழந்தைகளின் ரத்தத்தில் பிராணவாயு குறைந்தும் அமிலம் மிகுந்தும் இருந்தது. பிறந்தவுடன் பிராணவாயு குறைவாக இருப்பது இயற்கை என்று அதுவரை பலர் நினைத்திருந்தார்கள். அது தவறு என்று தெரிந்தது.

இன்னோர் உண்மையும் வெளிவந்தது. பிரசவத்தின்போது தாய்க்குக் கொடுத்த ‘சைக்ளோபுரோபேன்’ என்ற மயக்க மருந்து குழந்தையையும் சோர்வடையச் செய்தது. மற்ற முறைகளில் மயக்கம் கொடுத்த தாய்மாரின் குழந்தைகள் கூடுதல் மார்க் வாங்கின.

சைக்ளோபுரோபேன், அப்கார் அம்மையார் மிகவும் விரும்பிப் பயன்படுத்திய மருந்து. ஆனால் கணக்கைப் பார்த்ததும், பிரசவத்துக்கு அதைக் கொடுப்பதை அவர் விட்டுவிட்டார். தம் விருப்பத்தை விடக் குழந்தையின் மூச்சு பெரிது என்று நினைத்தார்.

1962-63 வாக்கில், ஜோசப் பட்டர்பீல்டு என்ற டாக்டர் ஒரு வேடிக்கை செய்தார். ஐந்து அடையாளங்களுக்கும் ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லைத் தேர்ந்து, அவற்றின் முதல் எழுத்துகள் சேர்ந்தால் அப்கார் என்று வரும்படி அமைத்தார். மாணவர்கள் சுலபமாக மனப்பாடம் செய்தார்கள். அதன் விளைவு, அப்கார் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதே பலருக்குத் தெரியாமல் போயிற்று!

50 வயதில் புதிய பாடம்

1959. அம்மையாருக்கு 50 வயது. பெயரும் புகழும் வந்தாயிற்று. இந்த வயதில் மற்றவர்கள் ஓய்வைப் பற்றி நினைப்பார்கள். அவரோ மறுபடியும் மாணவி ஆனார். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் சர்வகலாசாலையில் பொதுச் சுகாதாரம் படித்துப் பட்டம் பெற்றார்.

காரணம், அவர் மனத்தில் ஒரு கேள்வி வளர்ந்துகொண்டே இருந்தது. பிழைத்த குழந்தை பிறகு என்ன ஆகிறது? அது உட்காருகிறதா, நடக்கிறதா, பேசுகிறதா? பிறவிக் குறை ஏன் வருகிறது? அதைத் தடுக்க முடியுமா?

இளம்பிள்ளை வாதத்தை ஒழிப்பதற்காக அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 1938-ல் ஒரு தர்ம ஸ்தாபனத்தைத் தொடங்கினார். 1955-ல் அந்த நோய்க்குத் தடுப்பு ஊசி வந்துவிட்டது. ஆகவே அந்த ஸ்தாபனம் பிறவிக் குறைகளின் பக்கம் திரும்பியது. 1959-ல் அப்கார் அம்மையார் அந்தப் பிரிவின் தலைவர் ஆனார்.

அந்தக் காலத்தில், குறையோடு பிறந்த குழந்தையை வெளியே சொல்ல அமெரிக்காவிலும் வெட்கப்பட்டார்கள். வீட்டில் மறைத்தார்கள், விடுதியில் விட்டார்கள். அம்மையார் ஊர் ஊராகப் போனார். தாய்மாருக்குப் புரியும்படி பேசினார். கர்ப்ப காலத்தில் டாக்டரிடம் கேட்காமல் மருந்து சாப்பிடக் கூடாது என்றார். தாயின் ரத்த வகையை முன்கூட்டியே பார்க்க வேண்டும் என்றார். 1972-ல் ஜோன் பெக் என்ற பத்திரிகையாளருடன் சேர்ந்து, பெற்றோருக்காக ஒரு புத்தகமும் எழுதினார்.

ஒரு சிறு காய்ச்சல், பெரும் நாசம்

1964, 1965 ஆண்டுகளில் அமெரிக்காவில் ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மை பரவியது. பெரியவர்களுக்கு அது சாதாரண நோய். லேசான காய்ச்சல், சிவப்புத் தடிப்பு. சில நாளில் போய்விடும். ஆனால் கர்ப்பத்தின் ஆரம்ப மாதங்களில் தாய்க்கு வந்தால், வயிற்றில் உள்ள சிசுவைத் தாக்கும். கண் கெடும், காது கெடும், இதயம் கெடும். ஆஸ்திரேலியக் கண் டாக்டர் நார்மன் கிரெக் 1941-லேயே இதைக் கண்டு சொன்னார்.

அந்தத் தொற்றில் அமெரிக்காவில் ஏறக்குறைய 20,000 குழந்தைகள் பிறவிக் குறையோடு பிறந்தன.

1969-ல் ரூபெல்லா தடுப்பு ஊசி வந்தது. எல்லாக் குழந்தைகளுக்கும் அதைப் போட வேண்டும் என்று அம்மையார் பிரசாரம் செய்தார்.

அந்தத் தொற்றில் பிறந்த குழந்தைகளை நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் என்ற பெண் மனநோய் டாக்டர் தொடர்ந்து கவனித்தார். 1971-ல் தம் முடிவை வெளியிட்டார். 243 குழந்தைகளில் 10 பேருக்கு ஆட்டிசம் இருந்தது. மேலும் 8 பேருக்கு அதன் சில அடையாளங்கள் இருந்தன. சாதாரணமாகக் காணப்படுவதை விட இது பல மடங்கு அதிகம்.

இந்தக் கண்டுபிடிப்பு ஏன் முக்கியமானது? ஆட்டிசம் என்ற நிலையை லியோ கானர் என்ற டாக்டர் 1943-ல் விவரித்தார். குழந்தை யாரோடும் ஒட்டாது, பேச்சுத் தாமதப்படும், செய்ததையே திரும்பத் திரும்பச் செய்யும். தாய் அன்பு காட்டாததால்தான் இப்படி ஆகிறது என்று 1950, 1960-களில் பல நிபுணர்கள் பேசினார்கள். பெற்ற வயிறு பற்றி எரிய, தாய்மார் அந்தப் பழியையும் சுமந்தார்கள். தாய் காட்டும் அன்பில் குறை இல்லை. பிறப்பதற்கு முன்பே மூளையின் வளர்ச்சியில் ஏற்படும் மாறுதல்தான் காரணம் என்பதற்கு ரூபெல்லா குழந்தைகள் ஒரு சாட்சி ஆனார்கள். ரூபெல்லா ஒரு காரணம் மட்டுமே. பரம்பரைதான் பெரிய காரணம் என்பது பின்னால் தெளிவாகியது. தடுப்பு ஊசியால் ஆட்டிசம் வருவதில்லை என்பதும் பெரிய ஆராய்ச்சிகளில் உறுதியானது.

மார்க் ஜாதகமா?

அப்கார் மார்க் புகழ் பெற்றதும், ஒரு தவறும் கூடவே வளர்ந்தது. மார்க் குறைந்தால் குழந்தை மந்தமாக வளரும், மார்க் கூடினால் கெட்டிக்காரனாக வளரும் என்று பலர் நினைக்கத் தொடங்கினார்கள்.

இதைச் சோதிக்க ஒரு வாய்ப்பு அமைந்தது. 1959 முதல் அமெரிக்காவில் 12 ஆஸ்பத்திரிகள் கூடி, 50,000-க்கும் மேற்பட்ட பிரசவங்களைப் பதிவு செய்தன. பிறந்த குழந்தைகளைப் பள்ளி வயது வரை கவனித்தன. ஒரு நிமிஷ மார்க்கை விட ஐந்து நிமிஷ மார்க்கே குழந்தையின் பிழைப்பை நன்றாகக் காட்டுகிறது என்று தெரிந்தது. அதிலிருந்து இரு முறை மார்க் போடும் வழக்கம் நிலைத்தது.

1981-ல் வெளியான முடிவு இன்னும் ஆச்சரியமானது. மூளை பாதித்துக் கை கால் விளங்காமல் போன குழந்தைகளை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 100-க்கு 73 பேர் ஐந்தாவது நிமிஷத்தில் 7-ம் அதற்கு மேலும் நல்ல மார்க் வாங்கியவர்கள்! பத்து நிமிஷமும் அதற்கு மேலும் 3 மார்க்கைத் தாண்டாமல் கிடந்து, பிறகு பிழைத்த 99 குழந்தைகளைப் பார்த்தார்கள். அவர்களில் அந்தக் குறை வந்தது 12 பேருக்குத்தான்.

ஆக, மார்க் ஜாதகம் அல்ல. அது அந்த நிமிஷத்தின் நிலவரம். இந்தக் குழந்தைக்கு இப்போது உதவி வேண்டுமா என்ற கேள்விக்கு அது பதில் சொல்லும். இந்தக் குழந்தை பத்து வயதில் எப்படி இருக்கும் என்று சொல்லாது.

குறைமாதக் குழந்தைகளின் விஷயத்தில் இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 37 வாரம் நிறையாமல் பிறந்தால், தசை முறுக்கு இயல்பாகவே குறைவு, உணர்ச்சியும் மந்தம். ஆகவே எந்தக் கேடும் இல்லாமலே மார்க் குறையும். அதே சமயம், குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு வளர்ச்சித் தாமதமும் ஆட்டிசமும் மற்றவர்களை விட அதிகம். குறைமாதக் குழந்தைகளில் சுமார் 100-க்கு 7 பேருக்கு ஆட்டிசம் இருப்பதாக 2018-ல் பல ஆராய்ச்சிகளைத் தொகுத்துக் கணக்கிட்டார்கள். அப்படியானால், 93 பேருக்கு அது இல்லை என்பதையும் மறக்கக் கூடாது.

செல்லோவும் விமானமும்

அம்மையார் மகா சுறுசுறுப்பு. பேச்சு வேகம், நடை வேகம். வழியில் யாருக்காவது மூச்சு அடைத்தால் உதவுவதற்காக, பேனாக் கத்தியும் மூச்சுக் குழாயும் எப்போதும் கையோடு வைத்திருப்பார்.

இசைக் கருவிகளை வாசித்ததோடு நிற்கவில்லை. அவற்றைத் தம் கையால் செய்யவும் கற்றார். வயலின், வயோலா, செல்லோ எல்லாம் செய்தார். அதில் ஒரு கதை உண்டு. 1957-ல் ஆஸ்பத்திரி டெலிபோன் கூண்டில் இருந்த ஒரு பலகை, வாத்தியம் செய்வதற்கு அருமையான மரம் என்று தெரிந்தது. கேட்டார், கிடைக்கவில்லை. ஓர் இரவு அவரும் அவருடைய தோழியும் சேர்ந்து, அந்தப் பலகையைக் கழற்றி, அதே அளவில் வேறு பலகையை வைத்துவிட்டார்கள். திருட்டுப் பலகை வயோலாவின் முதுகு ஆயிற்று!

50 வயதுக்கு மேல் விமானம் ஓட்டக் கற்றார். மீன் பிடிப்பார், தபால் தலை சேர்ப்பார்.

1974-ம் ஆண்டு ஆகஸ்டு 7-ந் தேதி, தாம் பல ஆண்டு உழைத்த அதே ஆஸ்பத்திரியில் அவர் காலமானார். வயது 65. தபால் தலை சேர்த்தவரின் உருவம் 1994-ல் அமெரிக்காவின் 20 சென்ட் தபால் தலையில் வெளிவந்தது.

விட்டுச் சென்ற பாடம்

அப்கார் அம்மையார் கற்றுக் கொடுத்தது ஐந்து அடையாளங்களை மட்டும் அல்ல. குழந்தையைப் பார்க்கக் கற்றுக் கொடுத்தார். முதல் நிமிஷத்தில் பார்க்க வேண்டும். ஐந்தாவது நிமிஷத்தில் மறுபடியும் பார்க்க வேண்டும். அப்படியே வளரும் வரை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தையை வீட்டுக்கு அழைத்து வந்ததும் கவலை தீர்ந்தது என்று இருந்துவிடக் கூடாது. சொன்ன தேதியில் டாக்டரிடம் காட்ட வேண்டும். முகம் பார்த்துச் சிரிக்கிறதா, பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறதா, வேண்டியதை விரலால் காட்டுகிறதா என்று தாய் கவனிக்க வேண்டும். சந்தேகம் வந்தால் தள்ளிப் போடக் கூடாது. சீக்கிரம் தொடங்கும் பயிற்சிக்குப் பலன் அதிகம்.

மார்க் குறைந்தது என்று மனம் உடையவும் வேண்டாம். மார்க் குறைந்த குழந்தையைத்தான் அதிகமாகக் கவனிக்க வேண்டும். அதற்காகத்தான் அந்த அம்மையார் மார்க் போட்டார்.